மணிலாவில் சுட்ட பத்து ரவுண்டு: சின்னக் குண்டு, அதிவேகத் தோட்டாக்கள் பற்றி ஒரு பதில்

எழும்பூர் ரேஞ்சில் எங்களோடு சுடும் தம்பி ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்டார்: "சார், .22 டி.சி.எம்., 5.7, .22 ஜெட் என்று கைத்துப்பாக்கித் தோட்டாவில் ஒரு தனி வகை இருக்கிறதே. குண்டு பட்டாணியைவிட ஒல்லி, வேகம் மட்டும் ரைஃபிள் மாதிரி. நம் போட்டிகளில் அனுமதி இல்லை, பாதித் தோட்டா இப்போது செய்வதே இல்லை. அப்புறம் ஏன் உலகம் பூரா ஒரு கூட்டம் அதையே பிடித்துக்கொண்டு இருக்கிறது?"

காதில் மஃப் மாட்டிக்கொண்டு சொல்லி முடிகிற பதில் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். நான் முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் மரைன் இன்ஜினியராக இருந்தவன். துப்பாக்கி வியாபாரியும் இல்லை, ராணுவத்தில் இருந்தவனும் இல்லை. அழுத்தம், வெப்பம், உலோகம் இந்த மூன்றும்தான் எனக்குச் சோறு போட்டவை. தோட்டாவையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். (தோட்டா என்றால் முழுசு: பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு. பறப்பது குண்டு மட்டும். பெயரில் வரும் .22, .32, .357 எல்லாம் குண்டின் தோராயமான விட்டம், அங்குலத்தில்; 5.7, 9 என்பவை மில்லிமீட்டரில்.)

ரைஃபிளின் குணத்தை ஒரு கைக்குள் அடக்க முடியுமா என்று நூற்றுமுப்பது வருஷமாகச் சிலர் முயன்றுகொண்டே இருக்கிறார்கள். அந்த முயற்சியின் அழகுதான் இந்தத் தோட்டாக்களின் ஈர்ப்பு. இவற்றில் பல செத்துப்போயின. வேகம் போதாமல் சாகவில்லை. அந்த வேகத்தைத் தாங்கும் துப்பாக்கி அமையாமலும், வருஷாவருஷம் தோட்டா செய்து தரும் தொழிற்சாலை நிலைக்காமலும்தான் செத்தன. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்தக் கதைதான்.

2014-ல் எங்கள் கப்பல் மணிலாவில் ஐந்து நாள் நின்றது. அங்கே பாஸ்போர்ட்டைக் காட்டி, பக்கத்தில் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு சுடுகிற ரேஞ்சுகள் உண்டு. .22 டி.சி.எம். பிறந்த நாடே பிலிப்பைன்ஸ்தான். மரிகினாவில் இருக்கும் ஆர்ம்ஸ்கோர் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் மார்ட்டின் டுவாசன், அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞர் ஃப்ரெட் க்ரெய்க், இந்த இருவர் பெயரையும் சேர்த்து 'டுவாசன் க்ரெய்க் மைக்ரோமேக்னம்' என்று வைத்தார்கள். சுருக்கமாக டி.சி.எம்.

என் கையில் கொடுத்தது 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவப் பிஸ்டலின் வடிவத்தில் ஒன்று. பத்து ரவுண்டு. காதுக்குள் பஞ்சு மாதிரி ஒன்று, அதற்கு மேல் மஃப், இரண்டும் போடச் சொன்னார் பயிற்சியாளர். நம் ரேஞ்சில் .22-க்குப் பழகிய எனக்கு அது அதிகப்படியாகத் தோன்றியது. முதல் ரவுண்டிலேயே புரிந்துவிட்டது. குழல் வாயில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய ஆரஞ்சு நெருப்புப் பந்து. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. ஆனால் கை? உள்ளங்கையில் யாரோ செல்லமாகத் தட்டின மாதிரிதான். சைட் மேலே எழும்பி, அதே இடத்துக்குத் தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்தது. அவ்வளவு பெரிய இரைச்சலுக்கும் அவ்வளவு சின்ன உதைக்கும் என் மூளையால் முடிச்சுப் போட முடியவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் குழலை மாற்றி 9 மி.மீ. போட்டுக் கொடுத்தார்கள். அதன் உதை தெளிவாகவே அதிகம். அன்று ராத்திரி கேபினில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கில்தான் பாதி விடை இருக்கிறது.

டி.சி.எம். குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். ஐந்து அங்குலக் குழலில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 610 மீட்டர். 9 மி.மீ. குண்டு சுமார் 8 கிராம், வேகம் 360 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் டி.சி.எம்.-க்கு ஏறக்குறைய 480 ஜூல், 9 மி.மீ.-க்கு 520 ஜூல். கிட்டத்தட்ட சமம். ஆனால் கையை உதைப்பது உந்தம். அது எடையையும் வேகத்தையும் நேராகப் பெருக்கினால் வருவது. டி.சி.எம்.-க்கு 1.6, 9 மி.மீ.-க்கு 2.9. இப்போது நம் கிளப்பில் சுடும் .32 வாட்கட்டரை (அட்டை இலக்குக்கான தட்டை மூக்குக் குண்டு) எடுத்துக்கொள்ளுங்கள்: 6.4 கிராம், சுமார் 230 மீட்டர் வேகம். பெருக்கினால் 1.5. அதாவது, டி.சி.எம். குண்டு நம்ம .32 அளவு உதையைக் கொடுத்துவிட்டு, 9 மி.மீ. அளவு ஆற்றலோடு போகிறது. எரிந்த வெடிமருந்தின் வாயு வெளியே பீறிடும்போது இன்னும் கொஞ்சம் உதை கூடும்; இந்த வகைத் தோட்டாவில் மருந்து நிறைய என்பதால் அது அலட்சியப்படுத்துகிற அளவு இல்லை. அதைச் சேர்த்தாலும் 9 மி.மீ.-க்குக் கீழேதான் நிற்கும்.

அடுத்தது பாதை. சின்ன வயதில் உண்டிவில்லில் மாங்காய் அடித்தவர்களுக்கு இது தெரியும். பெரிய கல்லை வைத்தால் மாங்காய்க்கு ஒரு முழம் மேலே குறி வைக்க வேண்டும். சின்னக் கூழாங்கல் நேராகப் போகும். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 100 மீட்டர் போவதற்குள் டி.சி.எம். குண்டு சுமார் 13 செ.மீ. விழும், 9 மி.மீ. 38 செ.மீ. விழும். காற்றையும் சேர்த்தால் இரண்டுமே இன்னும் அதிகம் விழும். தூரம் சரியாகத் தெரியாத இடத்தில் சுடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். அமெரிக்காவில் கைத்துப்பாக்கியோடு வயல்வெளிகளில் சின்ன விலங்கு வேட்டைக்குப் போகிறவர்கள்தான் 1950, 60களில் இந்த வகைத் தோட்டாவைக் கேட்டு வாங்கியவர்கள்.

சரி, இவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது? இந்தத் தோட்டாக்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே உடம்புவாகு. கோலி சோடா பாட்டில் மாதிரி: கீழே அகலமான வயிறு, பிறகு ஒரு தோள், அதற்கு மேல் ஒடுங்கிய கழுத்து. டி.சி.எம். கூட்டுக்கு அடியில் சுமார் 9.5 மி.மீ., மேலே குண்டு 5.7 மி.மீ. தண்ணி லாரி ஹோஸின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுகிற மாதிரி, ஒடுங்கிய கழுத்து வாயுவைப் பிதுக்கி வேகமாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சிலேயே இப்படி விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. கழுத்து எதையும் பிதுக்கவில்லை. சின்னக் குண்டுக்குப் பின்னால் பெரிய மருந்துப் பெட்டியை வைக்க வேண்டும், ஆனால் தோட்டாவின் நீளம் கைப்பிடிக்குள் அடங்க வேண்டும். அதற்கு வயிற்றை அகலமாக்குவது ஒன்றே வழி. இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. குறுகிய மூக்கு அகலமான அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) நுழைவதால், தானியங்கிப் பிஸ்டல்களில் தோட்டா சிக்குவது குறைவு.

இந்த வடிவம் புதிது இல்லை. தானியங்கிப் பிஸ்டல் பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1893-ல் வந்த போர்ஷார்ட் பிஸ்டலின் தோட்டாவே கழுத்து ஒடுங்கியதுதான். அதிலிருந்து வந்தது 1896-ன் மௌசர் பிஸ்டலுக்கான 7.63 மி.மீ. தோட்டா. 5.5 கிராம் குண்டு, விநாடிக்குச் சுமார் 430 மீட்டர். 1935-ல் .357 மேக்னம் வரும்வரை, ஏறக்குறைய நாற்பது வருஷம், கடையில் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இதைவிட வேகமானது இல்லை.

மௌசருக்கு நம் நாட்டோடு இருக்கும் தொடர்பை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. 1896-ல் இளம் ராணுவ அதிகாரியாக இந்தியாவுக்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில், பம்பாய் சாசூன் டாக்கில் படகிலிருந்து இறங்கும்போது தோள்மூட்டு பிசகிக்கொண்டார். அலை மேலும் கீழும் ஆட்ட, கரையிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்துவிட்டது. படகிலிருந்து படிக்கட்டுக்குக் காலை வைத்தவர்களுக்கு அந்த நொடி தெரியும். அந்தத் தோளால்தான் 1898-ல் சூடானின் ஒம்துர்மான் குதிரைப்படைத் தாக்குதலில் அவர் வாளை விட்டுவிட்டு மௌசர் பிஸ்டலை எடுத்தார்.

அதே மௌசர் அதே சாம்ராஜ்யத்துக்கு எதிராகத் திரும்பியது கல்கத்தாவில். 1914 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, ராடா கம்பெனி என்ற துப்பாக்கி வியாபாரிகளுக்குச் சுங்கத்திலிருந்து போன சரக்கில் ஒரு மாட்டுவண்டி மட்டும் காணாமல் போனது. அதில் 50 மௌசர் பிஸ்டல்கள், 46,000 தோட்டாக்கள். வங்காளப் புரட்சியாளர்கள் வருஷக்கணக்கில் அவற்றைப் பயன்படுத்தினார்கள். 1915 செப்டம்பரில் ஒடிசாவின் பாலாசோர் அருகே புரட்சித் தலைவர் பாகா ஜதீன் கடைசிச் சண்டை போட்டபோது அவர் ஆட்கள் கையில் இருந்ததும் மௌசர்தான். மணியாச்சியில் 1911-ல் வாஞ்சிநாதன் கையிலிருந்தது பிரவுனிங் பிஸ்டல். பிரவுனிங் பிஸ்டல்களைச் செய்தது பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், 5.7 தோட்டாவைச் சொல்லும்போது மறுபடி வரும்.

மௌசர் தோட்டாவைச் சற்றே மாற்றி, 1930களில் ரஷ்யர்கள் 7.62 டோக்கரேவ் என்று எடுத்துக்கொண்டார்கள். அது அவ்வளவு நாடுகளில், அவ்வளவு எண்ணிக்கையில் தயாரானதால் இன்றும் உயிரோடு இருக்கிறது. அரசாங்கங்கள் கோடிக்கணக்கில் செய்கிற தோட்டா சாகாது.

செத்துப்போனவற்றுக்கு வருவோம். என் மனசுக்கு மிக நெருக்கமானது .22 ரெமிங்டன் ஜெட். தோற்றுப்போன இயந்திரங்களிடம் கற்றுக்கொள்வது அதிகம் என்பது இன்ஜின் ரூமில் நான் கண்டது.

1961-ல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனமும் ரெமிங்டன் நிறுவனமும் சேர்ந்து இதைக் கொண்டுவந்தன. .357 மேக்னம் கூட்டை எடுத்து, மேலே .22 அளவுக்கு ஒடுக்கினார்கள். துப்பாக்கி, மாடல் 53 என்ற ரிவால்வர். விளம்பரத்தில் விநாடிக்கு 2,460 அடி, அதாவது 750 மீட்டர். வாங்கியவர்கள் அளந்து பார்த்தபோது பல நூறு அடி குறைவாகத்தான் வந்தது. அதுகூடப் பெரிய வேகம்தான், யாரும் அதற்காகக் கோபப்படவில்லை. உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

ரிவால்வரில் தோட்டா வெடிக்கும்போது பித்தளைக் கூடு உப்பி, அறையின் சுவரைக் கவ்விப் பிடிக்கும். நேரான கூடு நன்றாகக் கவ்வும். ஜெட்டின் கூடு கீழிருந்து மேலே நீளமாகச் சரிந்துகொண்டே போகிற கூம்பு. கூம்புக்குப் பிடிப்பு குறைவு. அதனால் அழுத்தம் அதைப் பின்னால் தள்ளி, துப்பாக்கியின் சட்டத்தில் கொண்டுபோய் இறுக்கி வைத்துவிடும். சிலிண்டர் சுழலாது. ஆறு ரவுண்டு ரிவால்வர் ஒரு ரவுண்டோடு நின்றுவிடும். அறையில் துளி எண்ணெய் இருந்தால் போச்சு, கட்டாயம் சிக்கும். ஒவ்வொரு முறையும் அறைகளை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் சுட வேண்டும். துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது நல்லது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இங்கே அந்த நல்ல பழக்கமே எதிரி. எங்கள் தொழிலிலும் இது உண்டு. கூம்பு வடிவத் தண்டில் சக்கரத்தை ஏற்றும்போது, எங்கே எண்ணெய் இருக்கலாம், எங்கே இருக்கவே கூடாது என்று மேனுவலில் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இவ்வளவுக்கும் அந்த ரிவால்வர் அபாரமான வேலைப்பாடு. உள்ளே இரண்டு ஃபயரிங் பின்கள், அதாவது தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசிகள். ஆறு அறைகளுக்கும் மெல்லிய எஃகு உறைகளைச் செருகி, சுத்தியலில் இருக்கும் சின்னத் திருகியை மாற்றினால், சாதாரண .22 தோட்டாவையும் சுடலாம். 1974 வரை சுமார் 15,000 செய்தார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். இன்று அது கிடைத்தால் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள்.

அதே காலத்தில் வின்செஸ்டர் நிறுவனம் .256 மேக்னம் என்று ஒன்றை அறிவித்தது. அதுவும் .357 கூடுதான், கழுத்து கொஞ்சம் அகலம். ரூகர் நிறுவனம் அதை ரிவால்வரில் போட்டுப் பார்த்து, ஜெட்டுக்கு வந்த அதே பின்தள்ளல் சிக்கலைக் கண்டது. அவர்கள் புத்திசாலித்தனமாக ரிவால்வரையே கைவிட்டு, வெளியே ரிவால்வர் போலவும் உள்ளே ஒரே ஒரு தோட்டாவை மட்டும் பூட்டுகிற சுழல் கட்டையோடும் 'ஹாக்கை' என்ற பிஸ்டலைச் செய்தார்கள். சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஒரே ஒரு ரவுண்டு சுடும் கைத்துப்பாக்கியை அந்தக் காலத்தில் வாங்க ஆளில்லை. மூவாயிரத்துச் சொச்சத்தோடு முடிந்தது.

ரெமிங்டன் 1963-ல் எடுத்த முடிவு என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றிலும் நேர்மையானது. ரைஃபிள் வேகம் வேண்டுமென்றால் ரைஃபிளின் பூட்டு வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். போல்ட் ஆக்‌ஷன் (கைப்பிடியை இழுத்துத் தோட்டாவைப் பூட்டும் ரைஃபிள் முறை), ஒற்றை ரவுண்டு, சுமார் 27 செ.மீ. குழல், நைலான் கட்டை. அதுதான் எக்ஸ்.பி.-100. அதற்காக .222 ரைஃபிள் தோட்டாவைக் குட்டையாக்கி .221 ஃபயர்பால் செய்தார்கள். 50 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 2,650 அடி, அதாவது 808 மீட்டர். ஒரு கைத்துப்பாக்கியிலிருந்து! பார்ப்பதற்கு விண்வெளிப் படத்தில் வரும் துப்பாக்கி மாதிரி இருக்கும், எனக்கு அந்தத் தோற்றமும் பிடிக்கும். கைத்துப்பாக்கியால் 100 மீட்டரில் நாலணாக் காசு அளவுக்குள் எல்லாக் குண்டையும் சேர்க்க முடியும் என்ற நம்பிக்கையைப் பலருக்குக் கொடுத்தது அதுதான்.

1967-ல் தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தின் கன்டென்டர் வந்தது. நடுவில் மடங்கும் ஒற்றைக் குழல் பிஸ்டல். ஒரே கைப்பிடிக்கு வெவ்வேறு குழல்களை மாற்றலாம். அதன்பிறகு அமெரிக்காவில் வீட்டுப் பட்டறையில் தோட்டா வடிவமைக்கிற கூட்டம் ஒன்றே உருவானது. அவர்கள் அந்தத் தோட்டாக்களை 'வைல்ட்கேட்' என்பார்கள். கூட்டின் தோளை இரண்டு டிகிரி மாற்றி, கழுத்தை ஒரு நூல் நீட்டி, கிடைக்கும் வேகத்தை நோட்டில் எழுதி வைப்பவர்கள். நான் மிக மதிக்கும் சுடுநர்கள் இவர்கள்.

இந்த இடத்தில், வேகம் மட்டும் போதாது என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். மெக்சிகோவில் பிறந்த இரும்பு உருவப் போட்டி 1976 முதல் அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கும் சங்கம் வைத்து நடந்தது. 50 மீட்டரில் கோழி, 100-ல் பன்றி, 150-ல் வான்கோழி, 200-ல் செம்மறிக் கடா. எல்லாம் எஃகுத் தகட்டில் வெட்டியவை. பட்டால் போதாது, உருவம் கீழே விழ வேண்டும். கடா 20 கிலோவுக்கு மேல். .22 அதிவேகக் குண்டு அதன்மேல் 'டங்' என்று பட்டுத் தூளாகும். கடா அசையாமல் நிற்கும். தள்ளிச் சாய்க்க வேண்டியது உந்தம், அதுதான் சின்னக் குண்டிடம் இல்லை. கையை உதைக்காத குணம் அங்கே கடாவையும் உதைக்கவில்லை. அதனால் அவர்கள் 7 மி.மீ. பக்கம் போனார்கள். மேலே போட்ட கணக்கில் எனக்குச் சந்தேகம் வந்தால் இந்தக் கடாவை நினைத்துக்கொள்வேன்.

இனி இன்றைக்கு வருவோம். இந்த வகையில் நிஜமாகவே ஜெயித்தது 5.7×28 மி.மீ. ஒன்றுதான். எஃப்.என். நிறுவனம் 1990-ல் பி-90 என்ற குட்டித் துப்பாக்கியோடு கொண்டுவந்தது. அதே தோட்டாவுக்கு 'ஃபைவ்-செவன்' பிஸ்டலை அதே பத்தாண்டில் சேர்த்தது. பி-90-ஐ நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம் பிரதமரைக் காக்கும் எஸ்.பி.ஜி. வீரர்கள் கையில் இருப்பது அதுதான். பிஸ்டல் காலியாக 600 கிராம் சொச்சம், மேகஸினில் 20 ரவுண்டு. பொதுமக்களுக்கான 40 கிரெய்ன் தோட்டா பிஸ்டலில் விநாடிக்கு 500 மீட்டரைத் தாண்டும். அறைக்குள் அழுத்தம் சுமார் 345 மெகாபாஸ்கல். 9 மி.மீ.-க்கு 235-தான். அந்த அழுத்தத்தில் கூடு அறையில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி வெளியே வர, பித்தளைக்கு மேல் மெல்லிய பாலிமர் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள் அதைப் பளபளப்பாக்குகிறேன் என்று பூச்சைத் தேய்த்துவிட்டுச் சிக்கலில் மாட்டுவது வழக்கம். ஜெட்டுக்கு வழுக்கல் ஆகாது, 5.7-க்கு வழுக்கல்தான் உயிர். ரிவால்வரில் கூடு உட்கார்ந்து கவ்வ வேண்டும், தானியங்கியில் கவ்விய உடனே விட வேண்டும்.

இருபது வருஷம் இந்தத் தோட்டாவுக்கு அநேகமாக எஃப்.என். மட்டுமே பிஸ்டல் செய்தது என்று சொல்லலாம், விலையும் அதற்கேற்ப. 2019 கடைசியில் ரூகர் இறங்கியது, 2021-ல் நேட்டோ இதைத் தரநிலையாக ஏற்றது, பிறகு ஸ்மித் அண்ட் வெசனும் வந்தது. துப்பாக்கி பெருகினால் தோட்டா தயாரிப்பு பெருகும், அது பெருகினால் இன்னொரு நிறுவனம் வரும். ஜெட்டுக்குக் கிடைக்காத சுழற்சி இதற்குக் கிடைத்துவிட்டது.

டி.சி.எம்.-க்கு அது பாதிதான் கிடைத்தது. தோட்டா சிறப்பானது, அதை நான் கையால் உணர்ந்தேன். ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் பெரும்பாலும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன. ஒரு வீட்டை நம்பி இருக்கும் தோட்டாவை நேசிக்கிறவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நமக்கு நெருங்கிய உறவு ஒன்றும் இருக்கிறது. கான்பூரில் செய்யும் நம் நாட்டு .32 ரிவால்வர், 2014-ல் பெண்களுக்காக என்று வந்த 'நிர்பீக்' உட்பட, சுடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். அந்தத் தோட்டா 1896-ஐச் சேர்ந்தது, மௌசரோடு ஒரே வயது. அதன் கூட்டை நீட்டி 1984-ல் .32 எச் அண்ட் ஆர் மேக்னம் செய்தார்கள். அதையும் நீட்டி 2008-ஐ ஒட்டி .327 ஃபெடரல் மேக்னம் வந்தது. நம் தோட்டாவைப் போல ஏறக்குறைய இரட்டிப்பு வேகம், மூன்று மடங்குக்கு மேல் ஆற்றல். கழுத்து ஒடுங்காத நேரான கூடு, அதனால் ஜெட்டின் நோய் இதற்கு இல்லை. .357-க்கு ஐந்து அறை மட்டுமே இடம் கொடுக்கும் சின்ன ரிவால்வரில் இது ஆறாக அடங்கும். .327 ரிவால்வரில் பழைய .32-கள் எல்லாவற்றையும் சுடலாம். பேரன் வீட்டில் தாத்தாவுக்கு இடமுண்டு. தாத்தா வீட்டில் பேரன் நுழைய முடியாது, நீளம் ஒத்துவராது. இந்த .327 அநியாயமாகக் கவனிக்கப்படாமல் கிடக்கிறது என்பது என் கருத்து.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சத்தமும் நெருப்பும் குறைந்த தொல்லை இல்லை. மூடிய ரேஞ்சில் பக்கத்து லேனில் நிற்பவர் பாவம். நிறைய மருந்தைச் சின்னக் குழலில் எரித்தால் பாதி வெளியேதான் எரியும். அதனால் இந்தத் தோட்டாக்களின் வேகம் குழல் நீளத்தை நம்பியே இருக்கிறது. பெட்டியில் அச்சடித்த எண் எந்த நீளத்தில் அளந்தது என்று பார்க்காமல் நம்பக்கூடாது. 'சின்னது என்றாலே வேகம்' என்பதும் இல்லை. சோவியத்தின் 5.45×18 பிஸ்டல் தோட்டா கழுத்து ஒடுங்கியதுதான், குண்டும் சின்னதுதான், வேகமோ விநாடிக்கு 315 மீட்டர் அளவில்தான்.

சென்னையில் இருக்கும் நமக்கு இதில் என்ன? தம்பி, வெளிப்படையாகச் சொல்கிறேன், இவற்றை நாம் வாங்க முடியாது. 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும் என்ன அனுமதிக்கின்றன என்று கிளப் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள். 9 மி.மீ.-யே சாதாரண லைசென்சுக்கு வராது. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களிலேயே பொதுமக்களுக்கு அடைபட்டுவிட்டது, பெயர் பெற்ற போட்டியாளர்களுக்கு மட்டும் வழி உண்டு. போட்டியிலும் இடமில்லை. சென்டர் ஃபயர் பிஸ்டல் என்ற போட்டிப் பிரிவில் குண்டின் விட்டம் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை என்று விதி. அதில் நம் நாட்டு ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 590 அடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய ரேப்பிட் ஃபயர் சாதாரண .22 லாங் ரைஃபிள்தான். 25 மீட்டரில் அட்டையைத் துளைக்க வேகம் தேவையே இல்லை. .32 வாட்கட்டர் அந்தத் தூரத்தில் ஆறு செ.மீ. விழுகிறது என்றால் பின்சைட்டை ஏற்றிவிட்டால் தீர்ந்தது, தூரம்தான் மாறப்போவதில்லையே. நேர்ப்பாதையின் லாபம் தெரிய வேண்டுமானால் நூறு மீட்டர் வெட்டவெளி வேண்டும்.

அன்று மணிலாவில் வெளியே விழுந்த காலிக் கூடு ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார் பயிற்சியாளர். நான் எடுக்கவில்லை. பெட்டியில் ஒரு காலிக் கூடு கிடந்தால்கூட மீனம்பாக்கத்தில் இறங்கியதும் போலீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். வெளிநாடு போகும் தம்பிகள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். அதற்குப் பதில், பாக்கெட்டில் எப்போதும் வைத்திருக்கும் வெர்னியர் அளவுகோலை எடுத்து அங்கேயே அளந்தேன். அடி விட்டம், தோள், கழுத்து, மொத்த நீளம். கப்பல் லாக் எழுதுகிற பென்சிலால் முழு அளவுக்கு நாலு மடங்கு பெரிதாக வரைந்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அந்த நோட்டைக் கொண்டுவருகிறேன். நீங்கள் உங்கள் .32 தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மருந்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கண்ணாலேயே தெரியும்.